கீல்கள்: ஒரு கார்க்கதவின் முனகலை முன்வைத்து

சில மாதங்களுக்கு முன் ஒரு தொழிற்சங்க நண்பருக்காக, அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 1936-37 இல் நடந்த உள்ளிருப்பு வேலைநிறுத்தம் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுத வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸைப் பணியவைத்த போராட்டம் என்று நம்மில் பலருக்கும் பெயரளவில் தெரிந்த செய்திதான். படித்துக்கொண்டே போகையில் ஒரு வாக்கியத்தில் தடுக்கி நின்றேன். 1937 ஜனவரி 11 இரவு கண்ணீர்ப்புகையோடு வந்த போலீஸை, ஆலைக்குள் இருந்தவர்கள் தீயணைப்புக் குழாய்த் தண்ணீராலும் பாட்டில்களாலும் இரண்டு பவுண்டு எடையுள்ள கார்க்கதவுக் கீல்களாலும் விரட்டியடித்தார்கள் என்றிருந்தது. இந்தப் போராட்டத்தைப் பற்றி நான் பார்த்த எழுத்துகளில் எல்லாம் இந்தக் கீல்கள் வருகின்றன. ஆனால் யாரும் அவற்றிடம் நிற்பதில்லை. எறியப்பட்ட பொருள் என்பதோடு அவற்றின் கதை முடிந்துவிடுகிறது.

எனக்கு அது போதவில்லை. கையில் கிடைத்ததை எறிந்தார்கள், சரி. கையில் ஏன் கீல் கிடைத்தது? அந்தக் கீல் எந்தக் கதவுக்குரியது? அந்தக் கதவை யார் மாட்டினார்கள்? தமிழ் எம்.ஏ. படித்த, கார் ஓட்டத் தெரியாத ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வரலாற்று எழுத்தில் விடை கிடைக்காதபோது நான் போய்ச் சேர்ந்த இடம், பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களுக்கான கையேடுகள். வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குக்காக எழுதப்பட்டவை. அவற்றில் கதவுக்கென்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கிறது. என்ஜினுக்கு ஒதுக்கிய பக்கங்களைவிடக் குறைவுதான், ஆனால் எழுதுகிறவரின் எரிச்சல் அங்கேதான் அதிகம் வெளிப்படுகிறது. என்ஜினைப் பிரித்துச் சேர்த்துவிடலாம். கதவு அப்படியில்லை. எண்ணெய் விட்டால் ஒரு வாரம் சும்மா இருக்கும், மறுபடி கிறீச்சிடும். பூட்டின் வாயை நகர்த்தினால் கீழே இடிக்கும். கீழே ராவினால் மேலே இடைவெளி விழும்.

கீல் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் குடுமி இருக்கும். அது நிலையின் குழியில் உட்கார்ந்து சுழலும். கதவும் அச்சும் ஒரே மரம். கீல் என்பது இரண்டு வேறு பொருள்களைச் சேர்த்துவைத்து, சேர்ந்தும் சேராமலும் அசையவிடும் பொருத்து. உடம்பின் மூட்டுக்கும் அதே சொல்தான். அதனால்தான் மூட்டுநோய் கீல்வாதம். பழைய காரின் கதவுக்கு வருவதும் ஒருவகைக் கீல்வாதமே. வலிப்பது கீலில், நோய் இருப்பது வேறெங்கோ.

கையேடுகள் இதை ஒப்புக்கொள்கின்றன, தங்கள் மொழியில். கதவைப் பாதி திறந்து வைத்து, பூட்டுப் பக்கத்து விளிம்பைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். கீலிலேயே ஆட்டம் தெரிந்தால் ஊசி தேய்ந்திருக்கிறது. துளையைச் சீராகக் குடைந்து கொஞ்சம் பருமனான ஊசி போடலாம், அல்லது புஷ் இறக்கலாம். கீல் ஆடாமல் கீலோடு சேர்ந்து தூணே ஆடினால் விஷயம் பெரிது. 1920களின் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருப்பது மரம். ஆஷ், மேப்பிள் போன்ற கடினமரங்களால் சட்டம் கட்டி, அதன்மேல் மெல்லிய எஃகுத் தகட்டை மடித்து ஆணி அடித்திருப்பார்கள். கதவுக்குள்ளும் மரச்சட்டம்தான். வெளியே பார்த்தால் இரும்பு வண்டி, உள்ளே தச்சு வேலை. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் இறங்கி, தூணின் அடி பலகையோடு சேரும் இடம் மக்கிப்போகும். மக்கிய மரத்தில் திருகு பிடிக்காது. திருகுக் குழியை அகலப்படுத்தி, நல்ல மரத்துண்டைப் பசையிட்டு அடித்து, புதிதாகத் துளையிட வேண்டும். கதவே சாய்சதுரமாக இழுபட்டிருந்தால், உள்ளுக்குள் கீல்பக்க மேல்மூலையிலிருந்து பூட்டுப்பக்கக் கீழ்மூலைக்கு ஒரு கம்பி கட்டி, நடுவிலுள்ள மரையைத் திருகி இழுத்து நிறுத்த வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த உறுப்பு ஒன்று உண்டு. கதவின் பூட்டுப் பக்க விளிம்பில் புறாவால் வடிவத்தில் ஒரு சிறு ஆப்பு இருக்கும். எதிரே தூணில் அதற்கான பள்ளம். கதவு மூடியதும் ஆப்பு பள்ளத்தில் போய் இறுக உட்காரும். வண்டி ஓடும்போது கதவின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவது இதுதான். இல்லாவிட்டால் எல்லாம் கீல்மேல் விழும். இது தேய்ந்தால் கதவு கடகடக்கும். காரணம் தெரியாதவர்கள் பூட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் கையேடுகள் எல்லாவற்றுக்கும் முந்திச் செய்யச் சொல்லும் வேலை கதவிலேயே இல்லை. பாடியும் சேசிஸும் வேறு வேறு. சேசிஸ்மேல் பாடி சில போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் மரக்கட்டையோ கான்வாஸோ பேக்கிங். தொண்ணூறு ஆண்டுகளில் அந்தப் பேக்கிங் நசுங்கியோ காணாமலோ போயிருக்கும். ஓர் இடத்தில் ஒரு தகட்டுத் துண்டைச் செருகினால் நான்கடி தள்ளியிருக்கும் கதவு விளிம்பின் இடைவெளி மாறிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே கேட்டிருக்கிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், வேறொரு வேலையாகப் போயிருந்தபோது, கேபின் கதவு சாத்தாமல் நின்றதை நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான தச்சர் ஒருவர் சொன்னார்: “கதவ எதுக்குங்க தம்பி பாக்கறீங்க, அடியில பாருங்க. உக்காந்த எடம் சரியில்லீன்னா கதவு என்னங்க பண்ணும்?” மார்க்சியம் படித்தவர்கள் அடித்தளம், மேற்கட்டுமானம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதற்குள் போகவில்லை. அவர் பேக்கிங்கைப் பற்றித்தான் பேசினார்.

ஆக, முனகல் என்பது என்ன? மரமும் இரும்பும் ஒன்றையொன்று உரசும் ஒலி. மரம் ஈரத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும். இரும்பு அதன்போக்கில் போகாது. ஆணி மரத்துக்குள் மயிரிழை அசைகிறது. ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தைத் தேய்க்கிறது. 1920களில் பாடி கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சார்ல்ஸ் வெய்மன் என்ற விமானி — ஹெய்ட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர், 1911 இல் கார்டன் பென்னட் விமானப் போட்டியில் வென்றவர் — இதற்கு ஒரு விநோதமான தீர்வு கண்டார். மரத்தோடு மரம் தொடவே கூடாது என்றார். இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில் சிறு இடைவெளி விட்டு, உலோகத் தகடுகளால் மட்டும் அவற்றை இணைத்தார். மேலே தகட்டுக்குப் பதில் துணி. சேசிஸ் முறுக்கிக்கொண்டால் பாடியும் கூடவே முறுக்கிக்கொள்ளும். சத்தம் வராது. அசைவை ஒழிக்க முயலாமல் அதற்கு இடம் விட்டுக் கட்டிய வண்டி அது. ஐரோப்பாவில் சில ஆண்டுகள் நல்ல மவுசு. 1930களின் தொடக்கத்தில் அது வழக்கொழிந்தது. துணி மங்கிப்போனதும், பளபளக்கும் தகட்டின்மேல் வாங்குகிறவர்களுக்கு இருந்த மோகமும் காரணங்கள். அச்சில் அடித்த எஃகு மலிவாகிக்கொண்டிருந்ததும் காரணம்.

இங்கேதான் கதவு வரலாற்றுக்குள் வருகிறது.

ஆரம்பகாலக் கார்களில் பெரும்பாலானவை திறந்த வண்டிகள். துணிக்கூரை, பக்கவாட்டில் திரைச்சீலை, கதவு என்று சொன்னால் இடுப்புயரப் பலகை. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராயிருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் 1960களில் வெளியான தன் நூலில் தரும் கணக்குப்படி, அமெரிக்காவில் 1919 இல் விற்ற கார்களில் மூடிய கார்கள் 10 சதவீதம். 1924 இல் 43. 1927 இல் 85. எட்டே ஆண்டுகளில் வண்டி வீடாகிவிட்டது. ஹட்சன் கம்பெனியின் எஸ்ஸெக்ஸ் மூடிய கார் தொடக்கத்தில் அதன் திறந்த காரைவிட 300 டாலர் விலை கூடுதல்; 1925 இல் திறந்ததைவிட 5 டாலர் குறைவு. ஸ்லோனின் கதையாடலில் இது நிர்வாகத்தின் தொலைநோக்காகவும் வாடிக்கையாளரின் விருப்பமாகவும் வருகிறது. அந்த 85 சதவீதக் கார்களுக்கும் இரண்டோ நான்கோ உயரமான, கண்ணாடி ஏறி இறங்கும், மழை புகாத கதவுகள் வேண்டியிருந்தன. இத்தனை லட்சம் கதவுகளை யார் மாட்டினார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. கதவு மாட்டுவது அக்காலத்தில் திறமைக்குரிய வேலை. ஒவ்வொரு பாடியும் மற்றதிலிருந்து ஒரு நூல் இரண்டு நூல் வித்தியாசப்படும். கதவைத் தூக்கிவைத்துப் பார்த்து, இறக்கி, இழைத்து, மறுபடி வைத்துப் பார்த்து, கீலுக்கடியில் தகடு செருகி, உட்காரும்வரை விடாமல் செய்ய வேண்டும்.

ஃபிஷர் சகோதரர்கள் இந்த இடத்தில் வருகிறார்கள். ஒஹையோ மாநிலத்தின் நார்வாக்கில் குதிரைவண்டி கட்டும் குடும்பம். 1908 இல் டெட்ராய்ட்டில் ஃபிஷர் பாடி கம்பெனியைத் தொடங்கினார்கள். 1910 இல் காடிலாக்குக்கு 150 மூடிய பாடிகள் கட்டித்தரும் ஆர்டர் கிடைத்தது. 1919 இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதன் 60 சதவீதப் பங்கை வாங்கியது, 1926 இல் மிச்சத்தையும். அதன்பின் ஜி.எம். கார்களின் கதவைத் திறந்தால், கால் வைக்கும் இடத்தில் பதிந்த தகட்டில் ‘பாடி பை ஃபிஷர்’ என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். நெப்போலியன் காலத்து அரச குதிரைவண்டி ஒன்று அதன் சின்னம். பெயர் பொறிக்கப்பட்ட இடத்தைக் கவனியுங்கள், வாசற்படி. கட்டியவனின் பெயர் அல்ல, கட்டவைத்தவனின் பெயர்.

இன்னொரு பக்கம் ஃபிலடெல்ஃபியாவில் எட்வர்ட் பட் என்பவர் மரத்தையே விலக்கும் வேலையில் இருந்தார். அவருடைய பொறியாளர் ஜோசப் லெட்விங்கா. 1914 இல் டாட்ஜ் சகோதரர்களின் புதிய காருக்கு முழு எஃகுப் பாடி அவர்கள் செய்து கொடுத்தது. எஃகுத் தகட்டை ராட்சத அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி வடிவெடுத்து, துண்டுகளைப் பற்றவைப்பது முறை. அச்சைச் செய்ய ஆகும் செலவு பயங்கரம், ஆனால் அச்சு வந்துவிட்டால் ஆயிரமாவது கதவும் முதல் கதவைப் போலவே இருக்கும். இழைக்க வேண்டாம், வைத்துப் பார்க்க வேண்டாம். திறமை கையிலிருந்து கழன்று அச்சுக்குள் போய்விட்டது. ஹாரி பிரேவர்மன் 1974 இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ நூலில் விவரிப்பது இந்த நகர்வைத்தான். அவரே செம்புவேலை பழகிய தொழிலாளியாக இருந்தவர் என்பதை அந்நூலை மேற்கோள் காட்டும் பேராசிரியர்கள் சொல்வதில்லை.

(பட்டின் முறை இங்கிலாந்துக்குப் போய் 1926 இல் கௌலியில் பிரஸ்ட் ஸ்டீல் கம்பெனியாயிற்று, வில்லியம் மாரிஸின் கூட்டோடு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைதான் கல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசிடராகி 2014 வரை வந்துகொண்டிருந்தது. அம்பாசிடர் கதவை இரண்டு தடவை அறைந்து சாத்திய அனுபவம் இல்லாதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. ஆயிரமாவது கதவும் முதல் கதவைப் போலிருக்கும் என்பது அச்சு தேயாதவரைதான்.)

ஃபிஷர் பாடி மரத்தை உடனே விடவில்லை. கம்பெனியிடம் மர ஆலைகள் இருந்தன, தச்சு இயந்திரங்கள் இருந்தன, போட்ட முதல் இருந்தது. 1935 மாடல்களில் கூரை ஒரே தகடாக அழுத்தப்பட்டது. ‘டர்ரெட் டாப்’ என்று விளம்பரம். ஆனால் செவர்லே பாடிக்குள் மரச்சட்டம் 1936 வரை இருந்தது. 1937 மாடலில்தான் ‘யூனிஸ்டீல்’ என்ற பெயரில் முழு எஃகு வந்தது. அதனால்தான் இன்று 1936 செவர்லேயைப் புதுப்பிக்கிறவர் தச்சரைத் தேடுகிறார், 1937 ஐப் புதுப்பிக்கிறவர் வெல்டரைத் தேடுகிறார். முனகலின் தன்மையும் மாறுகிறது. முன்னதில் மரத்தின் முனகல், பின்னதில் வெறும் ஊசியின் கிறீச்சொலி. 1937 மாடல் கார்களின் உற்பத்தி 1936 இலையுதிர்காலத்தில் தொடங்கியது. வேலைநிறுத்தம் 1936 டிசம்பர் 30 இல்.

அதற்குமுன் ஒரு வேடிக்கை. 1930 இல், மரவேலைக்கு முடிவு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இதே கம்பெனி ‘ஃபிஷர் பாடி கைவினைஞர் கில்ட்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. பள்ளிச் சிறுவர்களுக்கான போட்டி. கம்பெனிச் சின்னத்திலுள்ள அந்த நெப்போலிய வண்டியைச் சிறு மாதிரியாகச் செய்ய வேண்டும். மரம் செதுக்கி, உலோகம் வார்த்து, துணி தைத்து. சின்னஞ்சிறு கதவுகள் உண்மையிலேயே திறந்து மூட வேண்டும். ஜெயித்தால் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை. 1968 வரை ஏதோ ஒரு வடிவில் இது நடந்தது. கில்ட் என்ற சொல்லே இடைக்காலக் கைவினைஞர் சங்கத்தைக் குறிப்பது. சங்கம் வைத்தால் வேலையிலிருந்து தூக்கும் கம்பெனி, சிறுவர்களுக்குச் சங்கம் வைத்துக் கொடுத்தது! கைத்திறனை ஆலைக்கு வெளியே அனுப்பிவிட்டு, வெளியே அதை நினைவுச்சின்னமாக்கி வழிபடுவது. இன்றைய ‘பாரம்பரியக் கார்’ அணிவகுப்புகளின் சொல்லாடலுக்கு விதை இங்கேயே போடப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

சங்கம் பற்றிய கம்பெனியின் பயம் கற்பனையல்ல. அமெரிக்க செனட்டின் லா ஃபாலெட் குழு விசாரித்தபோது வெளிவந்தது: 1934 ஜனவரிக்கும் 1936 ஜூலைக்கும் இடையில் ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறியும் நிறுவனங்களுக்குக் கொடுத்த தொகை ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். பக்கத்தில் நின்று கதவு மாட்டுகிறவன் உளவாளியாக இருக்கலாம் என்ற நிலையில் வேலைநிறுத்தக் கூட்டம் எப்படிப் போடுவது? வேலையின் வேகமோ தாங்க முடியாததாக ஏற்றப்பட்டிருந்தது. ஃபிளின்ட் தொழிலாளிகளின் முதல் குமுறல் கூலியைப் பற்றியதைவிட இந்த வேகத்தைப் பற்றியதாகவே இருந்தது. கதவை வைத்துப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளும் உரிமை பழைய மரவேலைக்காரருக்கு இருந்தது. வேலையின் இயல்பே அதைக் கேட்டது. எஃகுக் கதவு அந்த நேரத்தைக் கேட்காது. கன்வேயர் யாருக்கும் காத்திராது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மரவேலை பொற்காலம், எஃகு நரகம் என்று நான் எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபிஷரின் மர ஆலையும் பெருந்தொழில்தான். தச்சரும் அங்கே கூலிக்காரர்தான். அந்தத் திறமைக்கும் வேலி இருந்தது. ஃபிளின்டின் ஜி.எம். ஆலைகளில் கறுப்பினத்தவருக்குப் பியூயிக் வார்ப்படச்சாலையையும் துப்புரவு வேலையையும் தாண்டி இடம் இல்லை. பெண்கள் இருக்கைத் துணி வெட்டித் தைக்கும் பகுதியில் இருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஊர் வாய்க்குப் பயந்து பெண்களை ஆலைக்குள் தங்கவிடாமல் வெளியே அனுப்பியதும் சங்கம்தான். கதவுக்குள் போவதற்கே சிலருக்குத்தான் அனுமதி என்பதைக் கைவினையைப் புகழும்போது நாம் மறந்துவிடுகிறோம். நம் ஊர்த் தச்சுக்கும் கொல்லுக்கும் சாதி இருப்பதை மறந்து ‘மரபுத் தொழில்நுட்பம்’ பேசுவதைப் போல.

டிசம்பர் 30 காலை ஃபிஷர் இரண்டாம் ஆலையில் வேலை நின்றது. பாடிகளைச் சோதிக்கும் பரிசோதகர்கள் மூன்று பேர், சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காக இடம் மாற்றப்பட்டது உடனடிக் காரணம். அன்றிரவே பெரிய ஆலையான ஃபிஷர் ஒன்றிலும் உட்கார்ந்தார்கள். அங்கே காரணம் வேறு. ஆலையின் ரயில் தளத்தில் நின்ற வண்டிகளில் அச்சுகளை ஏற்றுகிறார்கள், சங்கம் பலமில்லாத ஊர்களுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று செய்தி பரவியது.

அச்சுகள்! என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் கீல் இதுதான். ஜி.எம்.மின் அவ்வாண்டு பாடிகளுக்கான முக்கிய அச்சுத் தொகுதிகள் இரண்டே இடங்களில் இருந்தன. செவர்லேக்கானவை கிளீவ்லாந்து ஃபிஷர் ஆலையில். பியூயிக், போன்டியாக், ஓல்ட்ஸ்மொபிலுக்கானவை ஃபிளின்ட் ஃபிஷர் ஒன்றில். கிளீவ்லாந்தில் டிசம்பர் 28 இலேயே வேலை நின்றிருந்தது. மரப்பாடி காலத்தில் பாடி கட்டும் அறிவு ஆயிரக்கணக்கான கைகளில் சிதறிக் கிடந்தது. ஒரு பட்டறை நின்றால் இன்னொரு பட்டறை தச்சரைப் பிடித்துக் கட்டிவிடலாம். முழு எஃகு அந்த அறிவையெல்லாம் கைகளிலிருந்து பிடுங்கிச் சில டன் இரும்பில் திரட்டி வைத்தது. கைத்திறனைப் பறித்தவர்கள் செய்த கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. திரட்டி வைத்ததன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்துகொண்டால்? இரண்டு ஊர்களில் உட்கார்ந்தவர்கள் உலகின் மிகப்பெரிய கார்க் கம்பெனியின் உற்பத்தியைச் சில வாரங்களில் ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். திறமையிழப்பைத் தோல்வி என்று மட்டுமே வாசிக்கிற நம் பழக்கத்துக்கு ஃபிளின்ட் ஒத்துவராது. தச்சராக இருந்தபோது அவர்களுக்கு இல்லாத ஒரு பலம், வெறும் அச்சு இயக்குகிறவர்களானபோது வாய்த்தது. அவர்கள் இழந்தது நிஜம்தான். இழப்புக்கும் பலத்துக்கும் ஒரே பொருள் காரணமாக இருந்ததும் நிஜம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மொழி நம்மிடம் குறைவு.

அதனால்தான் கம்பெனி ஜனவரி 11 இல் தாக்கத் தேர்ந்த இடம் அச்சுகள் இருந்த ஃபிஷர் ஒன்று அல்ல. அது பெரிது, உள்ளே ஆள் அதிகம். ஃபிஷர் இரண்டு சிறியது. உறையும் குளிரில் வெப்பத்தை நிறுத்தினார்கள். வாசலை அடைத்துச் சாப்பாட்டைத் தடுத்தார்கள். உள்ளேயிருந்தவர்கள் வாசலை உடைத்துத் திறந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. காற்று திரும்பி அடித்துப் புகை போலீஸ்மேலேயே போயிற்று. மேலிருந்து தண்ணீரும் கீல்களும் விழுந்தன. பின்வாங்கிய போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. பத்துப் பேருக்கு மேல் குண்டுக்காயம், சாவு இல்லை. ஒலிபெருக்கி வண்டியிலிருந்து ஜெனோரா ஜான்சன் என்ற இளம்பெண் கூட்டத்திலிருந்த பெண்களைக் காவலைத் தாண்டி வருமாறு அழைத்தார், வந்தார்கள். உள்ளே அனுமதிக்கப்படாத பெண்கள்தான் அன்றிரவு சண்டையின் போக்கை மாற்றியவர்கள். அதன்பின் அவர் அமைத்த பெண்கள் அவசரப்படை பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஃபிஷர் இரண்டில் கீல் ஏன் கிடைத்தது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அது எதிரேயிருந்த செவர்லே ஆலைக்குப் பாடி அனுப்பும் இடம். தகடு வெளியே அழுத்தப்பட்டு வரும். சேர்ப்பதும் கதவு மாட்டுவதும் முடிப்பதும் இங்கே. கதவு மாட்டுமிடத்தில் கீல்கள் குவியலாக இருக்கும். அச்சில் அடித்த கதவுக்கும் கீலை ஒரு கைதான் வைத்து முடுக்க வேண்டியிருந்தது. கைவேலையின் மிச்சம் அந்தக் குவியலில் இருந்தது. அதை எடுத்துத்தான் எறிந்தார்கள். அச்சைத் தூக்கி எறிய முடியாது, பக்கத்தில் உட்காரத்தான் முடியும்.

44 நாட்களுக்குப் பின், 1937 பிப்ரவரி 11 இல் ஜி.எம். கையெழுத்திட்டது. வேலைநிறுத்தம் நடந்த 17 ஆலைகளில் ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்துக்கு ஆறு மாதம் அங்கீகாரம். பார்வைக்குச் சின்ன விஷயம், ஆனால் அதுவரை பேச்சுவார்த்தைக்கே உட்காராதவர்கள். உள்ளிருப்புப் போராட்டம் நாடெங்கும் பரவியது. 1939 இல் ஃபேன்ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் உள்ளிருப்புக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. உலகப்போருக்குப் பின் ஆலைகளை ஓர் ஊரில் குவிக்காமல் பரப்பிவைப்பது கம்பெனிகளின் வழக்கமாயிற்று. ஃபிஷர் பாடியைத் தனிப்பிரிவாக வைத்திருப்பதை ஜி.எம். 1984 இல் கைவிட்டது. ஃபிஷர் ஒன்று 1987 இல் மூடப்பட்டது.

கையேடுகளுக்குத் திரும்பலாம். அவற்றில் இந்த எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ‘தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலை’ என்பதை அளவுகோலாக அவை ஓயாமல் சொல்கின்றன. போட்டிகளில் நடுவர்கள் கதவு விளிம்பின் இடைவெளியைக் கூர்ந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்கப் புதுப்பிப்பாளர்களில் சிலர் நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்கிறார்கள்: இன்று புதுப்பித்த கார்களின் கதவு இடைவெளி, அன்று ஆலையிலிருந்து வந்த கார்களில் இருந்ததைவிட மிகச் சீரானது. அன்றைக்கு அவ்வளவு நேரம் யாருக்கும் தரப்படவில்லை. ஒரு கதவுக்கு ஒரு வாரம் செலவழிக்க இன்று ஒருவரால் முடிகிறது, கைக்காசு போட்டு. 1936 இல் அந்தக் கதவை மாட்டியவர் அடுத்த பாடி வருவதற்குள் முடித்தாக வேண்டும். நாம் ‘பழுது’ என்று சரிசெய்யும் ஒலிகளில் ஒரு பகுதி காலம் உண்டாக்கியது. இன்னொரு பகுதி அன்றே உண்டானது, வேகம் உண்டாக்கியது. இரண்டையும் காதால் பிரித்தறிய முடியாது.

பிப்ரவரி நடுவில் ஃபிஷர் இரண்டில் மறுபடி வேலை தொடங்கியது. வெளியே தெருவில் விழுந்தவை போக, உள்ளே மிஞ்சிய கீல்கள் குவியலுக்குத் திரும்பியிருக்கும். அவற்றை 1937 செவர்லேக்களின் கதவுகளில் வைத்து முடுக்கியிருப்பார்கள்.